பீரோவில் இருந்த நாடாக்கள்

1998-இல் சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தில் கடைகளுக்கான கணக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். பில்லின் அடியில் ‘ரூபாய் இவ்வளவு மட்டும்’ என்று தொகையை எழுத்தில் அச்சிட வேண்டும். ஆங்கிலத்தில் எழுத அரைநாள் போதும். தமிழில் முடியாது. பின்னால் எண் வந்தால் நூறு நூற்று ஆகும், ஆயிரம் ஆயிரத்து ஆகும், லட்சம் லட்சத்து ஆகும். இருநூறு, முந்நூறு என்று எண்ணூறு வரை ஒரே வழியில் போகும் வரிசை தொள்ளாயிரத்தில் திரும்பிவிடும். மூன்று நாள் உட்கார்ந்து அந்தத் துணைநிரலை எழுதி முடித்தேன். அடுத்த கடைக்கு மென்பொருள் எழுதும்போது அதை அப்படியே எடுத்து ஒட்டினேன். அதற்கடுத்த கடைக்கும். இப்படிப் பதினான்கு கடைகள்.

சில மாதம் கழித்து ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி போன் செய்தார். “தம்பி, எண்ணுல 1,00,500 இருக்கு. எழுத்துல ஒரு லட்சத்து ஆயிரத்து ஐந்நூறுன்னு இருக்கு. நான் எதைத் தர்றது?” லட்சத்தைத் தாண்டிய தொகையில் ஆயிரத்தின் இடம் சுழியமாக இருந்தால் அந்தச் சொல்லையே விட்டுவிட வேண்டும். நான் விடவில்லை. ஆங்கிலத்தில் இதே பிழை நேர்ந்திருந்தால் படிக்கும்போதே நாக்கு தடுக்கியிருக்கும். தமிழில் ‘ஆயிரத்து’ என்று தனியே நின்றாலும் ஓராயிரம் என்று பொருள் வந்துவிடுகிறது. வாசகம் சுத்தமாக இருந்தது, தொகைதான் தவறு.

திருத்த ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஃபிளாப்பிகளோடு பஸ் ஏறினேன். ஈரோடு, கரூர், திருப்பூர், மதுரை. போன இடத்தில்தான் இன்னொன்று உறைத்தது. பதினான்கு பிரதியும் ஒன்றுபோல் இல்லை. ஒருவர் பைசா வேண்டாம் என்றிருந்தார். இன்னொருவர் ‘இலட்சம்’ என்று இகரம் சேர்த்து எழுதச் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றிலும் கை வைத்திருந்தேன். ஒரே நிரலைப் பதினான்கு இடத்தில் பயன்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு பதினான்கு நிரல்களை வளர்த்திருந்தேன்.

எழுதிய நிரலை மறுபடி எழுதாமல் எடுத்தாள்வது எப்படி என்ற இந்தக் கேள்விக்கும் கணினிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1944-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 1 கணினியில் வேலை செய்த கிரேஸ் ஹாப்பரும் கூட இருந்தவர்களும் ஆளுக்கொரு நோட்டு வைத்திருந்தார்கள். சரிபார்த்த நிரல் துண்டுகள் அதில் இருக்கும். சைன் மதிப்பு காணும் துண்டு வேண்டுமென்றால் பக்கத்து மேசைக்காரரின் நோட்டை வாங்கிப் பார்த்தெழுதிக்கொள்வார்கள். அப்படி எழுதும்போது 4 என்பது முக்கோணக் குறியாகிவிடும், ‘பி’ எழுத்து 13 ஆகிவிடும். துண்டு இடம் மாறுவதால் அதற்குள் இருக்கும் எண்களையும் கூட்டி மாற்ற வேண்டும், அந்தக் கூட்டலிலும் தவறு வரும். நிரலாளர்களுக்குக் கூட்டவும் வராது, பார்த்தெழுதவும் வராது என்று 1978-இல் ஒரு மாநாட்டில் ஹாப்பர் நினைவுகூர்ந்தார். இந்த இரண்டு வேலையையும் இயந்திரத்திடமே விடலாம் என்ற எண்ணத்தில்தான் 1952 வாக்கில் அவருடைய ஏ-0 தொகுப்பி பிறந்தது.

அதற்குக் கொஞ்சம் முன்னதாகவே இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் ஒரு நல்ல ஏற்பாடு வந்துவிட்டது. மாரிஸ் வில்க்ஸின் குழு கட்டிய எட்சாக் கணினி 1949 மே 6 அன்று முதல் கணக்கைப் போட்டது. நினைவகம் தொடக்கத்தில் 512 சொற்கள், அவ்வளவுதான். நிரல்களைக் காகித நாடாவில் துளையிட்டுக் கொடுப்பார்கள். வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் மூவரும் 1951-இல் வெளியிட்ட நூலில் ஒரு புகைப்படம் இருக்கிறது. இடப்பக்கம் ஓர் இரும்பு பீரோ. அதற்குள் துணைநிரல் நாடாக்கள். ஒரு பெண் விசைப்பலகையில் புது நாடா ஒன்றைத் துளையிட்டுக்கொண்டிருக்கிறார். துணைநிரல் தேவைப்படும் இடம் வந்ததும் அதன் நாடாவை பீரோவிலிருந்து எடுத்து, பக்கத்தில் உள்ள படிப்பானில் வைத்தால் அது அவருடைய நாடாவில் அப்படியே படியும். பார்த்தெழுதும் கையே நடுவில் இல்லை. 1951 வாக்கில் அந்த பீரோவில் 87 துணைநிரல்கள் பொதுப் பயன்பாட்டுக்கு இருந்தன.

முகவரி எண்களைக் கூட்டும் தொல்லையைத் தீர்த்தவர் வீலர். அப்போது அவருக்கு 22 வயது, ஆராய்ச்சி மாணவர். கணினியைத் தொடங்கியதும் முதலில் ஓடும் கட்டளைத் தொகுப்பை அவர் திருத்தி எழுதினார். மொத்தம் 41 கட்டளைகள். நாடாவைப் படிக்கும்போதே, இந்தத் துணைநிரல் நினைவகத்தில் எந்த இடத்தில் உட்காரப்போகிறது என்று பார்த்து, அதற்குள் இருக்கும் முகவரிகளை அந்த 41 கட்டளைகளே சரிசெய்துவிடும். துணைநிரல் தன் வேலை முடிந்ததும் அழைத்த இடத்துக்கே திரும்பிப் போகும் வழியையும் அவர்தான் வகுத்தார். இன்று எந்த மொழியில் எந்த ஃபங்ஷனை அழைத்தாலும் அடியில் நடப்பது அந்த வழியின் வாரிசுதான்.

ஆனால் வீலரை நான் மதிப்பது இந்தச் சாமர்த்தியத்துக்காக மட்டும் இல்லை. 1952-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த கூட்டத்தில் துணைநிரல்களைப் பற்றி அவர் வாசித்த கட்டுரை இரண்டே பக்கம். துணைநிரலை எழுதிச் சோதித்து முடித்த பிறகும் ஒரு பெரிய வேலை மிச்சமிருக்கிறது என்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவரும் சுலபமாகப் பயன்படுத்தும்படி அதற்கு ஒரு விவரக்குறிப்பு எழுத வேண்டும், எல்லா வேலையிலும் அதுவே மிகக் கடினமாக இருக்கக்கூடும் என்கிறார். நாடாவைச் செய்வதைவிட, அந்த நாடாவைப் பற்றி நாலு வார்த்தை சரியாகச் சொல்வது கடினம். இதைச் சொன்னபோது உலகத்தில் இருந்த கணினிகள் மிகச் சில. அதற்குப் பிறகு எழுபது வருடத்தில் இந்தத் துறையில் நடந்த பெரிய விபத்துகளில் பலவற்றுக்கு அந்த இரண்டு பக்கத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது.

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் ஊரில் நேட்டோ அமைப்பு ஒரு மாநாடு கூட்டியது. பதினொரு நாடுகளிலிருந்து ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மென்பொருள் நெருக்கடி என்ற சொல் ஊரறிந்தது அங்கேதான். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய் அங்கே ஓர் ஆசையை முன்வைத்தார். மின்னணுக் கருவி செய்கிறவர் ஒவ்வொரு உதிரிப்பாகத்தையும் தானே செய்வதில்லை, பட்டியலைப் பார்த்து வாங்குகிறார். மென்பொருளுக்கும் அப்படியொரு பட்டியல் வேண்டும், உதிரிப்பாகத் தொழிற்சாலை வேண்டும் என்றார். சைன் மதிப்பு காணும் துணைநிரலையே எடுத்துக்காட்டாகச் சொன்னார். துல்லியத்தில் பத்து வகை, எண்ணைக் குறிக்கும் முறையில் இரண்டு, உள்ளீட்டு வரம்பில் ஐந்து, தவறான உள்ளீட்டைத் தாங்கும் திறனில் மூன்று. பெருக்கினால் 300. ஒரு சைனுக்கே முந்நூறு உருப்படி அலமாரியில் இருக்க வேண்டும், வாங்குகிறவர் தன் தேவைக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

அந்தத் தொழிற்சாலை அவர் நினைத்த வடிவில் வரவில்லை. வேறு வடிவில் ஒன்று வந்தது, அதற்கு விதை போட்டவரும் அவர்தான். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை ஒன்றோடொன்று திருகிப் பூட்டுவதுபோல நிரல்களையும் பூட்ட வேண்டும் என்று 1964-இலேயே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். 1973-இல் கென் தாம்ப்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தில் அதைச் செய்துகாட்டினார். ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலின் உள்ளீடாகப் பாய்ந்தது. வரிசைப்படுத்த ஒன்று, ஒரேமாதிரி வரிகளை நீக்க ஒன்று, எண்ண ஒன்று என்று சின்னச் சின்ன நிரல்கள். ஐம்பது வருடம் கழித்தும் சர்வர் பார்த்துக்கொள்கிறவர்கள் காலையில் வந்ததும் தட்டுவது அந்தக் குழாய்க் கட்டளைகளைத்தான். இது ஏன் வென்றது என்று யோசித்தால் வீலரிடமே திரும்ப வரவேண்டியிருக்கிறது. அந்த நிரல்கள் ஒன்றைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: வருவதும் போவதும் வரிவரியான எழுத்து. விவரக்குறிப்பு ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது.

ஒரு பெரிய நிரலை எப்படித் துண்டு போடுவது என்பதற்கு 1972 டிசம்பரில் டேவிட் பார்னஸ் ஒரு கட்டுரையில் விடை சொன்னார். அதுவரை பெரும்பாலும் வேலை நடக்கும் வரிசைப்படி வெட்டினார்கள்: முதலில் படி, பிறகு மாற்று, பிறகு வரிசைப்படுத்து, பிறகு அச்சிடு. பார்னஸ் வேறு கோட்டில் வெட்டச் சொன்னார். நாளைக்கு மாறக்கூடிய முடிவுகள் எவை என்று பாருங்கள், ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் ஒளித்துவையுங்கள், மற்ற கூறுகளுக்கு அது தெரியவே வேண்டாம் என்றார்.

இந்தப் பேச்சைக் கேட்காததன் விலையைச் சென்னைக்காரர்கள் நேரில் பார்த்தார்கள். 1997, 98, 99-இல் இங்கே கோபால் மொழி தெரிந்தவர்களுக்கு எவ்வளவு கிராக்கி இருந்தது என்பது அந்த வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதுவது என்பது ஒரு முடிவு. 2000 பிறந்தால் ‘00’ என்பது 1900-ஆ 2000-ஆ என்று நிரலுக்குத் தெரியாது. அது ஒரு கூறுக்குள் ஒளிந்திருந்தால் ஒரு வாரத்தில் மாற்றியிருக்கலாம். ஆனால் வங்கிகளின், காப்பீட்டு நிறுவனங்களின் லட்சக்கணக்கான வரிகளில் ஒவ்வொரு நிரலும் தானே தேதியைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரியையும் ஒரு மனிதக் கண் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கண்களில் பல இந்தியக் கண்கள். நம் ஊரின் மென்பொருள் தொழில் காலூன்றியதற்கு ஒரு காரணம் அந்த வேலை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பலருடைய வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

அதே காலத்தில் ஆய்வாளர்கள் மென்பொருளின் கட்டமைப்பைத் தனி இயலாகவே படிக்கத் தொடங்கியிருந்தார்கள். 1992-இல் டெவெய்ன் பெர்ரியும் அலெக்சாண்டர் உல்ஃபும் அதற்கு அடித்தளக் கட்டுரை எழுதினார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மேரி ஷாவும் டேவிட் கார்லனும் அதைப் பாடமாகவே வளர்த்தார்கள். அந்தக் கார்லன் குழுவுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும்.

அவர்கள் ஈசாப் என்ற ஒரு கருவியைச் செய்ய முனைந்தார்கள். எல்லாவற்றையும் புதிதாக எழுதுவானேன் என்று நாலு ஆயத்தப் பாகங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: ஒரு தரவுத்தளம், திரை வரைய ஒன்று, நிரல்களுக்குள் செய்தி பரப்ப ஒன்று, தொலைவிலிருந்து ஃபங்ஷனை அழைக்க ஒன்று. நாலும் பலர் பயன்படுத்தித் தேறியவை. ஆறு மாதத்தில் ஓர் ஆள்-ஆண்டு உழைப்பில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். முதல் மாதிரி வெளிவர இரண்டு வருடமும் ஏறக்குறைய ஐந்து ஆள்-ஆண்டுகளும் ஆயின. வந்ததும் கனமாக, மெதுவாக இருந்தது. ஏன் இப்படி ஆயிற்று என்று அவர்கள் உட்கார்ந்து அலசி 1995-இல் எழுதிய கட்டுரையை மென்பொருள் எழுதும் ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும் என்பேன்.

பாகங்களில் ஓட்டை எதுவும் இல்லை. ஒவ்வொரு பாகமும் தன்னைச் சுற்றியுள்ள உலகம் இப்படித்தான் இருக்கும் என்று ஒன்றை நம்பி எழுதப்பட்டிருந்தது. அந்த நம்பிக்கை எந்தக் குறிப்பிலும் எழுதப்படவில்லை. அவற்றில் மூன்று, அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பதைத் தான்தான் தீர்மானிப்பதாக நினைத்தன. ஒரே கல்யாணச் சமையலறையில் மூன்று தலைமைச் சமையல்காரர்கள், மூவருக்கும் அடுப்பு தன் கையில் இருக்க வேண்டும் என்பதுபோல. கடைசியில் ஒரு பாகத்தின் உள்ளே புகுந்து, அதன் ஓட்டத்தையே பிரித்துப் பார்த்து மாற்ற வேண்டியதாயிற்று. கார்லன் இதைக் கட்டமைப்புப் பொருத்தமின்மை என்றார். பதினான்கு வருடம் கழித்து, 2009-இல், அதே குழு மறுபடி ஒரு கட்டுரை எழுதியது. மறுபயன்பாடு இன்னமும் ஏன் கடினமாக இருக்கிறது என்பதுதான் அதன் தலைப்பின் சாரம்.

எழுதப்படாத நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதை 1996 ஜூன் 4 காட்டியது. தென் அமெரிக்காவின் கூரு ஏவுதளத்திலிருந்து கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட் நாற்பது விநாடிக்குள் திசைமாறிச் சிதறியது. நாலு ஆய்வுச் செயற்கைக்கோள்களும் போயின. அதன் திசையறியும் கருவிக்குள் இருந்தது ஏரியான் 4-க்காக எழுதப்பட்ட நிரல். 64 பிட் எண் ஒன்றை 16 பிட் இடத்தில் வைக்கும் ஒரு வரி அதில் இருந்தது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த மதிப்பு ஒருபோதும் அவ்வளவு பெரிதாகாது. அதனால் கணினியின் சுமையைக் குறைக்க அந்த வரிக்குக் காப்பு வைக்காமல் விட்டிருந்தார்கள். ஏரியான் 4-க்கு அது சரியான முடிவு. ஏரியான் 5 பக்கவாட்டில் வேகமாகப் போகும் ராக்கெட். எண் பெருத்தது, இடம் போதவில்லை, கருவி நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே நிரல் இருந்ததால் அதுவும் நின்றிருந்தது. என்னை இதில் மிகவும் உறுத்துவது வேறொன்று. அந்த வரி இருந்த பகுதிக்கு ராக்கெட் கிளம்பிய பிறகு ஏரியான் 5-இல் வேலையே இல்லை. பழையதில் ஒரு தேவைக்காக நாற்பது விநாடி ஓடவிட்டிருந்தார்கள், புதியதிலும் அப்படியே ஓடியது. தேறிய நிரல், கை வைக்காதே என்ற நல்ல எண்ணம்தான் காரணம்.

இதெல்லாம் அன்றைய கதை. இன்று நிலைமை தலைகீழ்.

அன்று பாகம் கிடைக்கவில்லை என்பது கவலை. இன்று ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான என்பிஎம் கிடங்கில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேல் பொதிகள் இருக்கின்றன, பாகத்துக்கு அங்கே பொதி என்று பெயர். பெர்லுக்கும், பைத்தானுக்கும், ஜாவாவுக்கும் தனித்தனிக் கிடங்குகள். மெக்கில்ராய் கேட்ட அலமாரி வந்துவிட்டது, காசும் கேட்பதில்லை. ஒரு வரி தட்டினால் பாகம் நம் கணினிக்கு வருகிறது. அது நம்பியிருக்கும் பாகங்களும், அவை நம்பியிருப்பவையும் கூடவே வருகின்றன. பத்து கேட்டால் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும். அவற்றில் எத்தனையின் விவரக்குறிப்பைப் படித்தோம்? நான் வேலை பார்த்த எந்தக் குழுவிலும் பத்துக்கு மேல் யாரும் படித்ததில்லை, நான் உள்பட.

2016 மார்ச் 22 அன்று ஒருவர் தன் பொதிகளையெல்லாம் என்பிஎம் கிடங்கிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். அதில் ஒன்று 11 வரி. ஒரு சொல்லின் இடப்பக்கம் வேண்டிய அளவுக்கு இடைவெளி சேர்க்கும், அவ்வளவுதான். அது போனதும் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான திட்டங்கள் தொகுக்க முடியாமல் நின்றன. சில மணி நேரத்தில் கிடங்கின் நிர்வாகம் அதைத் திரும்ப வைத்தது. பலர் இதைச் சிரிப்பாகப் பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 11 வரிக்கு இன்னொருவரைச் சார்ந்திருப்பது சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். பதினான்கு கடைக்குப் பஸ்ஸில் போனவன் நான். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும் என்பது பெரிய விஷயம். அந்த ஓரிடத்தில் யார் இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று யாரும் பார்க்கவில்லை என்பதுதான் குறை.

2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற பாகத்தில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. வங்கித் தளமோ, மின்னஞ்சலோ, பூட்டுப் படம் போட்ட இணைப்புகளில் பெரும்பகுதிக்குப் பின்னால் இருந்தது அந்தப் பாகம். அதற்கு முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டாலர். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற பாகத்தில் ஓட்டை தெரியவந்தபோதும் கதை அதேதான், தூக்கமில்லாமல் திருத்தியவர்கள் தன்னார்வலர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவிக்குள் கள்ளக் கதவு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. தனியாளாக அதைப் பராமரித்துக் களைத்துப்போனவரிடம் இரண்டு வருடத்துக்கும் மேல் உதவுவதுபோல் பழகி, பொறுப்பை வாங்கிக்கொண்ட ஒருவர் வைத்த கதவு அது. சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் விடாமல் துருவியதால் தப்பித்தோம். பாகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனதுதான் அங்கே நுழைவாயில்.

இவ்வளவு சொல்லிவிட்டு, மறுபயன்பாடு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்கக்கூடாது. நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்த எழுத்தையே பாருங்கள். ‘கொ’ என்று தட்டினால் கோப்பில் சேர்வது இரண்டு குறியீடுகள்: ககரம் ஒன்று, ஒகர உயிர்க்குறி ஒன்று. திரையில் வரவேண்டியது மூன்று வடிவங்கள்: கொம்பு, க, கால். அதிலும் பின்னால் தட்டிய குறியின் ஒரு பாதி முன்னால் போக வேண்டும். பல கருவிகளில் இதைச் செய்து கொடுப்பது ஹார்ஃப்பஸ் என்ற ஒரு பாகம். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத் முன்னின்று எழுதியது, பெயரும் பாரசீகம். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் எல்லாவற்றிலும் தமிழை அடுக்கிக் கொடுப்பது இதுவே.

அன்று எப்படி இருந்தது? என் ரூபாய் நிரல் ஓடிய காலத்தில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தன் எழுத்துருவையும் குறியாக்கத்தையும் தானே சுமந்தது. பாமினியில் எழுதிய ‘அம்மா’வை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்று குறியாக்கங்களை வகுத்தது, இணையக் குழுக்கள் திஸ்கியை வளர்த்தன. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றித்தர எழுதிய நிரல்களே எத்தனையோ. இன்று பேத்தி போனில் அனுப்பும் தமிழ் பாட்டியின் போனில் அப்படியே தெரிகிறது. முகம் தெரியாத யாரோ ஒருமுறை ஒழுங்காகச் செய்ததைக் கோடிக்கணக்கான கருவிகள் பகிர்ந்துகொள்வதால் வந்த நன்மை இது. எங்கள் தலைமுறை பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பகிர்ந்தால் கெடுதலும் பகிர்ந்தே வரும். 2018 பிப்ரவரியில் ஐபோனில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்தால் போதும், அதைக் காட்ட முயன்ற செயலிகள் வரிசையாக விழுந்தன. எழுத்தை அடுக்கும் ஆப்பிளின் பாகம் எல்லாச் செயலிக்கும் பொது. சில நாளில் ஒரே திருத்தத்தில் எல்லாம் சரியாயின. விழுந்ததும் எழுந்ததும் ஒரே காரணத்தால்.

கடைசியாக, இப்போது நடப்பது. 2021-இல் கிட்ஹப் கோபைலட் வந்ததிலிருந்து நிரல் எழுத இயந்திரமே கை கொடுக்கிறது. நானும் தினமும் பயன்படுத்துகிறேன், உதவியாகவே இருக்கிறது. ஆனால் அது தருவது பகிர்ந்த பாகம் இல்லை, எங்கேயோ கற்றதைக் கொண்டு எழுதிய புதுப் பிரதி. ஆயிரம் பேர் கேட்டால் கொஞ்சம் கொஞ்சம் மாறிய ஆயிரம் பிரதிகள். ஒன்றில் பிழை தெரிந்தால் மற்றவற்றுக்குச் செய்தி போகாது. ஹாப்பரின் நோட்டும் என் ஃபிளாப்பியும் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கின்றன. இன்னொன்றும் நடக்கிறது. இல்லாத பொதியின் பெயரை இயந்திரம் தானாகவே சொல்லிவிடுகிறது. 16 மொழி மாதிரிகளிடம் 5,76,000 நிரல் துண்டுகளை எழுதி வாங்கி ஆராய்ந்தவர்கள், உலகில் இல்லாத 2,05,474 பொதிப் பெயர்களைக் கண்டார்கள். அந்தப் பெயரில் ஒரு கெட்டவர் உண்மையாகவே ஒரு பொதியைச் செய்து வைத்துவிட்டால், பெயரை நம்பி இழுப்பவர் மாட்டிக்கொள்வார்.

அரசுகளும் விழித்துக்கொண்டன. எந்தெந்தப் பாகம் உள்ளே இருக்கிறது என்று, அரசு வாங்கும் மென்பொருளோடு ஒரு பட்டியல் தரவேண்டும் என்று அமெரிக்காவில் 2021-இல் ஆணை வந்தது. இந்தியாவில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் அதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. மருந்து அட்டையில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அச்சிடுவதுபோலத்தான். வரவேற்க வேண்டியது. ஆனால் பட்டியல் பெயரைச் சொல்லும், அந்தப் பாகம் எதை நம்பி எழுதப்பட்டது என்பதைச் சொல்லாது. அதைப் பயன்படுத்துகிறவர்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மென்பொருள் எழுதும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை அலுவலகம் போனதும் உங்கள் திட்டத்தின் பொதிப் பட்டியலைத் திறந்து, ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விவரக்குறிப்பை முழுசாகப் படியுங்கள். கடைசியாக அதைத் திருத்தியவர் யார், எப்போது என்று பாருங்கள். அது எதை நம்பியிருக்கிறது, நீங்கள் பயன்படுத்தும் இடத்தில் அது உண்மையா என்று நாலு வரி தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி உங்கள் நிரலோடு வையுங்கள். குறிப்பில் பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள். எழுதியவருக்கு நன்றி என்று ஒரு வரி போடுங்கள். அடுத்த திங்கட்கிழமை அடுத்த பெயர்.